ஆணி அடித்த ஜன்னல்

என் அக்காவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். கடுகில் கால்வாசி இருக்கும், கறுப்பாக இருக்கும், வெள்ளைத் துணி எங்கே காய்கிறது என்று தேடி வந்து உட்காரும். அக்கா அதைப் புள்ளி என்பாள். துவைத்த சட்டையை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். புள்ளி இல்லையென்றால் சட்டைக்கு விடுதலை. இருந்தால் அதை மறுபடி தண்ணீரில் போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் பஸ் டிப்போவைப் பார்த்து நாலு வார்த்தை சொல்வாள். அந்த டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர்களில் அவளுடன் பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நாலு வார்த்தையும் என் தலையில்தான் விழும்.

அக்காவும் மச்சானும் நடத்துவது சலவைக் கடை. டிப்போவின் டிரைவர், கண்டக்டர் சீருடை எல்லாம் அங்கேதான் போகும். அவள் போடும் கஞ்சியில் சட்டை தானாக எழுந்து நிற்கும். அவள் பேச்சும் அதே பதம்தான். அதனால் டிப்போவில் அவளுக்குக் கஞ்சி அக்கா என்று பெயர். அதை அவள் முகத்துக்கு நேரே சொன்ன கண்டக்டர் ஒருவர் உண்டு. அந்த வாரம் அவருடைய சட்டைக் காலருக்கு மட்டும் கூடுதலாகக் கஞ்சி போட்டு அனுப்பினாள். மனிதர் ஐந்து நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் டிக்கெட் கொடுத்தார்.

ஆனால் பட்டன் அறுந்த சட்டை அவளிடம் போனால் பட்டனோடுதான் திரும்பி வரும். கேட்டால், "எனக்கு ஓட்டை புடிக்காது" என்பாள். ஒருமுறை ஒரு டிரைவரின் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. படித்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டாள். சட்டை இன்னும் காயவில்லை என்று சொல்லி அவரை இரண்டு நாள் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் நாள் அவருக்கே கோபம் ஆறிவிட்டது. அவர் இன்றைக்கும் எங்களோடுதான் வேலை செய்கிறார், கடிதத்தை யார் எடுத்தார்கள் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

கடை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதி. முன்னால் துணி வாங்கும் மேசை, நடுவில் இஸ்திரி மேசைகள், பின்னால் துவைக்கும் அறை. மாடியில் இரண்டு அறை, அதுதான் வீடு. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, அவள் வேறு ஊரில் இருக்கிறாள். பின் அறையில் தண்ணீர் படக்கூடாத கோட்டு, கம்பளி இவற்றுக்கு இரண்டு பெரிய டிரம். ஒன்றில் துணியை ஒரு திரவத்தில் சுழற்றி அழுக்கு எடுக்க வேண்டும். பிறகு ஈரத்தோடு கையால் அள்ளி, உலர்த்தும் டிரம்மில் போட வேண்டும். அந்தத் திரவத்தை நாங்கள் மருந்து என்போம். வாசனை கொஞ்சம் இனிப்பாக இருக்கும். அள்ளிப் போடுவது மச்சானின் வேலை. இருபத்திரண்டு வருடம் அள்ளினார்.

பின் அறைக்கு ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் டிப்போவின் முற்றம், கடைத் தரையைவிட ஓர் ஆள் உயரம் பள்ளம், கைக்கெட்டும் தூரத்தில் பஸ். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வண்டி நிறுத்த எந்த இடம் வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோரும் நிழலைக் கேட்டார்கள். நான் பதினோராம் நம்பரைக் கேட்டேன். மொட்டை வெயில். ஆனால் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. ஒரு நடை முடித்து அடுத்த நடைக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில், நான் டிரைவர் சீட்டிலிருந்து இறங்காமலே கையை நீட்டுவேன், ஜன்னலிலிருந்து அக்காவின் கை டீயோடு வரும். டிப்போவில் இருந்த அத்தனை பேர் வயிறும் எரிந்தது. அப்படி இரண்டு வருடம் ராஜாவாக இருந்தேன்.

பஸ் காத்திருக்கும்போது இன்ஜினை அணைப்பதில்லை. அது டிப்போ வழக்கம். அணைத்தால் பிரேக்குக்கு வேண்டிய காற்று இறங்கிவிடும், மறுபடி ஏற்ற நேரமாகும், நடை தாமதமாகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அப்படியே நம்பினேன். ஆகவே ஒரு கையில் டீ, இன்னொரு கை ஸ்டீயரிங்கில், கீழே வண்டி புகைவிட்டபடி உறுமிக்கொண்டிருக்கும். அந்தப் புகை எங்கே போகும் என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது இல்லை. புள்ளி அந்த வழியாகத்தான் அக்காவின் வீட்டுக்குள் வந்தது.

ஒரு நாள், நாற்பது வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அத்தனையிலும் புள்ளி. அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. என்னைக் கூப்பிட்டு, பெரிய ஆணி இருக்கிறதா என்று கேட்டாள். டிப்போ பட்டறையிலிருந்து விரல் நீளத்தில் ஆறு ஆணி கொண்டுவந்தேன். ஜன்னலைச் சாத்தி, நானே சுத்தியல் பிடித்து அடித்தேன். காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று சுவரில் இருந்தது. அந்த ஓட்டை வழியாகவும் புள்ளி வருகிறது என்று அதில் பழைய கம்பளியைச் சுருட்டி அடைத்தாள். அன்றோடு புள்ளி நின்றது, டீயும் நின்றது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அக்காவின் கடைக்குப் பேர் வந்தது. எனக்கு அந்த இடம் பழகிவிட்டதால் பதினோராம் நம்பரை மாற்றவில்லை. பத்தொன்பது வருடம் மூடிய ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன ஆறிய டீயைக் குடித்தேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயில்லாப் பூச்சி என்று பார்த்தவர்கள் நினைப்பார்கள். அக்கா நூறு வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், ஆனால் அந்த ஒன்று சரியாகப் போய் விழும். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. "இந்த ஆளைக் கெடுக்க ஒரு கெட்ட பழக்கம்கூடக் கிடைக்கலையே" என்று அக்கா பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வாள். பின் அறையில் நெடுநேரம் நின்றால் அவருக்குத் தலை சுற்றும். முன்னால் வந்து வாசலில் நின்று கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிப் போவார். உடம்பில் எப்போதும் அந்த மருந்தின் இனிப்பு வாசனை இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பாள் அக்கா.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், மாடியில் தண்ணீர் சத்தம் கேட்டு அக்கா ஏறிப் போயிருக்கிறாள். மச்சான் குளியலறையில் உட்கார்ந்து தன்னுடைய உள்ளாடையைத் துவைத்துக்கொண்டிருந்தார். ஊர்த் துணியெல்லாம் வந்து குவிகிற வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் துணியைத் தானே துவைத்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார் மனிதர், அதுவும் யாரிடம். அக்கா அவர் கையிலிருந்து துணியை வாங்கி, வழக்கப்படி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். வெளிறிய பழுப்பில் ஒரு வளையம்.

"ரத்தக் கறையில வெந்நீர் ஊத்துனீங்களா?" என்றாள் முதலில். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை துணியிலேயே தங்கிவிடும். இத்தனை வருடம் தொழில் செய்தவருக்கு அது தெரியாதா என்ற கோபம் அவளுக்கு முந்திக்கொண்டது. அப்புறம்தான் கறை எங்கே இருக்கிறது என்பது உறைத்தது. "எத்தனை நாளா?" என்றாள். மூன்று மாதமாக, விட்டு விட்டு, சிறுநீரில் வருகிறது என்றார். வலி இல்லாததால் சொல்லவில்லையாம். அக்கா அந்த ஈரத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மருத்துவமனைக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பரிசோதனைகள் முடிந்து முடிவு வர ஒரு வாரம் ஆனது. சிறுநீர்ப்பையில் ஒரு கட்டி. புற்றுநோய்தான், ஆனால் ஆழமாக இறங்கவில்லை, கருவியை உள்ளே விட்டு எடுத்துவிடலாம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இளவயதுக்காரர், அவசரப்படாமல் பேசுகிறவர். சிகரெட் உண்டா என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒண்ணுகூடத் தொட்டதில்ல" என்றாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரி சொன்னாள்.

டாக்டரம்மா நிறுத்தவில்லை. என்ன வேலை, எத்தனை வருடம், என்ன திரவம், அந்த அறையில் ஜன்னல் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

ஜன்னல் என்றதும் அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்தத் திரவத்தின் ஆவியைப் பல வருடம் சுவாசிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றார் டாக்டரம்மா. ஆவி கனமானது, மூடிய அறையில் கீழேயே தங்கும். வீடு எங்கே என்று கேட்டார். டிப்போவை ஒட்டி என்றதும், டீசல் புகையும் நல்லதில்லை, நுரையீரல் புற்றுநோய்க்கு அது ஒரு காரணம் என்றே சேர்த்திருக்கிறார்கள், சிறுநீர்ப்பைக்கும் அதன்மேல் சந்தேகம் இருக்கிறது என்றார். "ஒரு தனி ஆளுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நாம எங்க நிக்கிறோம், எதை மூச்சு இழுக்கிறோம்ங்கிறதும் சேர்ந்துதான் வேலை செய்யுது" என்றார்.

திரும்பி வரும்போது அக்கா விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். எங்கள் வரிசையில் எட்டுக் கடை, அதன் மேல் எட்டு வீடு. ஆறு வருடத்துக்குள் டயர் கடைக்காரர் நுரையீரல் புற்றுநோயில் போனார். கடைசி வீட்டு அம்மா அதே மாதிரிப் போனார். டயர் கடைக்காரர் சிகரெட் குடிப்பவர் என்றோம், அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்றோம். ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து அனுப்பிவைத்தோம், எல்லோருக்கும் ஒரே முற்றம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. டிப்போவை ஒட்டிய வீடு என்பதால்தான் வாடகை குறைவு, அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் அங்கே இருக்கிறோம். அந்தக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கடை வாசலில் இறங்கியதும் அக்கா உடைந்தாள். தான்தான் ஜன்னலை மூடச் சொன்னதாம், தான்தான் விசிறியை அடைத்ததாம், நாலு சட்டை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கட்டின புருஷனைக் கொன்றுவிட்டாளாம். நான் விடுவேனா. ஆணி கொண்டுவந்தது நான், அடித்தது நான், புகைவிட்டது என் வண்டி, அந்த இடத்தைக் கேட்டு வாங்கியதே நான் என்றேன். நீ சும்மா இருடா என்றாள். நீ சும்மா இரு அக்கா என்றேன். சின்ன வயதில் பெரிய துண்டு யாருக்கு என்று சண்டை போட்டோமே, அதே சுருதியில் பழி யாருக்கு என்று நடுத்தெருவில் சண்டை போட்டோம். மச்சான் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வியாதி என்னோடது. நீங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்காதீங்க" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு மாடிக்குக் கூட்டிப் போனாள். அவர் முகத்தில் எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்த திருப்தி இருந்தது.

கட்டியை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போகலாம், ஆனால் அந்த மாதிரி அறைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கே இரண்டு டிரம்மையும் நிறுத்தினாள். மீதமிருந்த மருந்தை அதற்கென்று இருக்கிறவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். கோட்டும் கம்பளியும் இனி எடுப்பதில்லை, தண்ணீரில் துவைப்பது மட்டும்தான் என்று முன் மேசையில் எழுதி ஒட்டினாள். மச்சானோ வீட்டில் சும்மா உட்காரத் தெரியாதவர். மூன்றாம் வாரமே இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அவரைத் தடுக்க முடியாது. டிரம் நின்ற பின் அறையில்தான் அவருக்கு ஓர் இஸ்திரி மேசை போட இடம். ஆறு வாரத்துக்குள் அந்த அறையை மனிதர் நிற்கிற அறையாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அக்காவுக்கு.

விசிறியில் அடைத்த கம்பளியை உருவிப் போட்டுவிட்டு, ஆணியைப் பிடுங்க என்னைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வருடத் துரு, ஆறில் இரண்டு உடைந்தே வந்தது. ஜன்னல் திறந்தது. கீழே நான் நிறுத்திவிட்டு வந்த என்னுடைய வண்டி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகை நேராக எங்கள் முகத்தில் அடித்தது. அக்கா இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். மூடினால் வெந்நீர் ஆவியும் இஸ்திரிச் சூடும், திறந்தால் நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான் என்று அன்று தெரிந்தது.

நான் உடனே கீழே போய் என் வண்டியை அணைத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்து வண்டிக்காரர் சிரித்தார். முற்றத்தில் நாற்பது வண்டி. ஒன்று மூச்சை நிறுத்தினால் மீதி முப்பத்தொன்பதும் சேர்ந்து ஊதும். டிப்போ மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால்தான் எல்லா வண்டியும் அணையும்.

மேனேஜர் வெள்ளைச் சட்டைப் பிரியர். வாரத்துக்கு ஐந்து சட்டை அக்காவிடம் வரும். இஸ்திரி போட்ட சட்டைகளை அவள் எப்போதும் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தனுப்புவாள். அந்த வாரம், சுற்றுகிற துணியைக் காலையிலிருந்து மாலை வரை ஜன்னலுக்கு வெளியே கட்டிவைத்தாள். மாலையில் அது சாம்பல் நிறத்தில், தொட்டால் விரலில் பிசுக்கோடு இருந்தது. புள்ளி என்று தனியாக எதுவும் தெரியவில்லை, எல்லாமே புள்ளி. உள்ளே ஒரு காகிதத்தில் சட்டைகளைப் பத்திரமாக வைத்து, வெளியே அந்தத் துணியைச் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். திட்டி ஒரு சீட்டுகூட வைக்கவில்லை. அவளைத் தெரிந்த எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மேனேஜர் துணியும் கையுமாகக் கடைக்கு வந்தார். அவருடைய மனைவி அதைத் தொட்டுவிட்டுக் கை கழுவியிருக்கிறார். இது என்ன என்று கேட்டார். "இது ஒரு நாளைக்கு. நாங்க இருபத்திரண்டு வருஷமா இருக்கோம்" என்றாள் அக்கா. மச்சானின் விஷயத்தையும் சொன்னாள். மனிதர் கெட்டவரில்லை. ஆபீசுக்கு வாருங்கள், பேசலாம் என்றார். நானும் கூடப் போனேன்.

அங்கே அவர் எனக்கு மனப்பாடமான பாட்டையே பாடினார். இன்ஜினை அணைத்தால் காற்று இறங்கும், பிரேக் பிடிக்காது, ஏற்ற நேரமாகும், நடை தவறும், பயணிகள் கேள்வி கேட்பார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தொழில் அப்படி என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயே உங்க அக்காவுக்குச் சொல்லுப்பா" என்றார்.

அவர் பாடிய பாட்டையே திருப்பிப் பாடத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் மறுமுனை ஞாபகம் வந்தது.

என் வழித்தடத்துக்கு இரண்டு முனை. ஒரு முனை இந்த டிப்போ. மறுமுனை ஊரின் மேற்கே, பூங்காவை ஒட்டி. அகலமான தெரு, இரண்டு பக்கமும் மரம், பெரிய பெரிய வீடுகள். அங்கே போய் இருபது நிமிடம் நிற்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்ததால், நிறுத்தத்தில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். இன்ஜினை அணைக்கவும் என்று பச்சை எழுத்தில் இருக்கும். நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை அங்கே போவேன். ஆறு தடவையும் அணைப்பேன். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புவேன், வண்டி கிளம்பும். ஒரு நடைகூட அதனால் தவறியதில்லை. முன்பின் தெரியாத வீடுகளின் ஜன்னலுக்குக் கீழே அணைத்துவிட்டு, திரும்பி வந்து, என்னைத் தூக்கி வளர்த்தவளின் ஜன்னலுக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறேன். இத்தனை வருடம் இரண்டையும் நானேதான் செய்தேன், ஒரு தடவைகூட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சொன்னால் நான் எப்பேர்ப்பட்டவன் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் மச்சான் இரண்டு வாரத்தில் அந்த அறைக்குள் போய் நிற்பார்.

"சார், அந்த முனையில நாங்க எல்லாரும் அணைக்கிறோம். இருபது நிமிஷத்துல காத்து அவ்வளவு இறங்கறதில்ல. இங்கயும் இறங்காது" என்றேன்.

மேனேஜர் தன் காலரைத் தடவிக்கொண்டார். காற்று தங்காத பழைய வண்டிகள் நாலைந்தைத் தூரத்துச் சுவர் பக்கம் மாற்றுவதாகவும், மற்றவற்றை நின்றால் அணைக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுப்பதாகவும் சொன்னார். அக்கா எழுந்தாள். அது காகிதத்தில் வேண்டாம், முற்றத்தில் பெரிய போர்டாக வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

வெளியே வந்ததும் எனக்கு அர்ச்சனை நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா நேராகக் கடைக்குள் போய்விட்டாள். மறுநாளும் பேசவில்லை. என் சீருடை வழக்கம்போல் வந்தது, கஞ்சி அளவாக இருந்தது. திட்டாத அக்காவை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மச்சானிடம் போய் நின்றேன். "மாப்ள, கறை பெரிசா இருந்தா அவ உடனே தேய்க்க மாட்டா. ஊறப் போடுவா. ஊறட்டும்" என்றார்.

பதினொரு நாள் ஊறினேன்.

அதற்குள் முற்றத்தில் போர்டு வந்தது. முதல் இரண்டு நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். கடிதம் தொலைத்த அந்த டிரைவர்தான் முதலில் அணைத்தார். மூன்றாம் நாள் ஒரு நேரத்தில் முற்றம் முழுக்கச் சத்தமே இல்லாமல் இருந்தது, பட்டறையில் யாரோ தும்மியது கேட்டது. அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் மச்சான் வேலைக்கு இறங்கினார். நான் முதல் நடை முடித்து வந்து பதினோராம் நம்பரில் வண்டியை நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அடங்கியது. தலைக்கு மேலே மரச் சட்டம் கிறீச்சிட்டது. விசிறி ஓடுகிற சத்தமும், உள்ளே மச்சான் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்கிற சத்தமும் கேட்டன. பழக்கதோஷம், என் கை தானாக ஜன்னல் பக்கம் போனது. நடுவழியில் வெட்கப்பட்டு நின்றது.

அக்காவின் கை டீயோடு வந்தது. முன்பு பார்த்த கை இல்லை, நரம்பு தெரிந்தது, சோப்பில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடவில்லை.

"அந்த முனையில உனக்கு யாராவது டீ குடுத்தாங்களாடா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன்டா அங்க மட்டும் அணைச்ச?"

"அங்க போர்டு இருந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா டம்ளரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இங்க நான் இருந்தேனேடா" என்றாள்.

பிறகு டம்ளரை விட்டாள். நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னலிலேயே நின்றாள். வெற்று டம்ளரை வாங்கிக்கொண்டு, வாயில் ஒட்டியிருப்பதைத் துடைக்கச் சொன்னாள். மச்சானுக்கு இதுவரை ஏழு பரிசோதனை ஆகிவிட்டது, ஏழும் சுத்தம். அடுத்தது வருகிற மாதம். தினமும் ஆறு தடவை அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறேன். முதலில் சாவியைத் திருப்புகிறேன், அதற்கப்புறம்தான் மேலே பார்க்கிறேன்.